7. கண்ணாடியைக் கழற்றும் முன்

லேசர் சிகிச்சை செய்துகொள்ள வருகிறவர்கள் மருத்துவமனையில் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் லீவு போட வேண்டும்? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால், இந்தச் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்வது வேறோர் எண். உங்கள் கருவிழியின் தடிமன். அதை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். அதில் எவ்வளவு செதுக்கப்போகிறார்கள், செதுக்கிய பின் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். செதுக்கிய திசு மறுபடி வளராது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கண்ணில் மாற்றுவது எதை?

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையைக் கண்ணின் இரண்டு பகுதிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. முன்புறம் நிறமின்றித் தெளிவாக இருக்கும் கருவிழி ஒன்று. கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மற்றொன்று. பள்ளிக்கூடப் படங்களைப் பார்த்துவிட்டு லென்ஸ்தான் எல்லாம் செய்கிறது என்று நினைத்திருப்போம். கண்ணின் மொத்த பவர் ஏறத்தாழ 60 டயாப்டர் என்றால், அதில் 43 டயாப்டர் வரை கருவிழியின் பங்கு. அதனால்தான் கருவிழியின் வளைவைத் துளி மாற்றினாலும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் பெரும்பாலும் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். சராசரிக் கண்ணின் நீளம் 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 1 மில்லிமீட்டர் கூடினால் மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் ஏறிவிடும். ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதால், தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் மங்கலாகத் தெரிகிறது. லேசர் இந்த நீளத்தைக் குறைப்பதில்லை. கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கி, ஒளி குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ப்ளஸ் பவர் உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறு: நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும் வளையமாகச் செதுக்க, நடுப்பகுதி மேடாகும். சிலிண்டர் பவர் என்பது கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் வளைந்திருப்பது. அங்கே ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் செதுக்குவார்கள்.

மைனஸ் 6 இருந்தவர் சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் சினிமா பார்க்கலாம். ஆனாலும் அவருடைய கண் நீண்ட கண்தான். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அதில் ஓட்டை விழவும், அது பிரிந்து வரவும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். பவர் போய்விட்டதே என்று ஆண்டுதோறும் செய்யவேண்டிய விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. கண்ணுக்குள் திடீரென்று ஒளி வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சுடாத லேசர்

லேசர் என்றதும் கண்ணைச் சுட்டுவிடுமோ என்ற பயம் பலருக்கும் வரும். இந்த வேலைக்குப் பயன்படும் எக்ஸைமர் லேசர் சுடுவதில்லை. அது தெரியவந்த விதம் சொல்லத்தக்கது.

1981 நவம்பர் 27, அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள். ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன், வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வகத்துக்கு எடுத்துவந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஒளிவேதியியலாளர் அவர். சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோரோடு சேர்ந்து எக்ஸைமர் லேசரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக்கை அது நேர்த்தியாக அரித்து எடுப்பதை முன்பே கண்டிருந்தார்கள். உயிர்த்திசுவில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில், விளிம்புகூடக் கருகாமல் சுத்தமான பள்ளம் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் பயன்படுத்திய பச்சை நிற லேசரோ திசுவைக் கருக்கியது.

இந்தக் கதிரின் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் மூலக்கூறுகளின் பிணைப்பையே முறிக்கப் போதிய ஆற்றல் உண்டு. பிணைப்பு அறுந்த துணுக்குகள் வெளியே பாயும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பக்கத்துத் திசு சூடாக நேரமே கிடைப்பதில்லை. 1983இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல், சீனிவாசனோடு சேர்ந்து மாட்டுக் கண்களின் கருவிழியில் இதைச் செய்து காட்டினார். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பார்வைத் திருத்தத்துக்கு எக்ஸைமர் லேசரை அனுமதித்தது. ஐபிஎம்மின் மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2013இல் அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஒரு லேசர் துடிப்பு ஏறக்குறைய கால் மைக்ரான் ஆழத்துக்குத் திசுவை அகற்றும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிவதால்தான் கால் டயாப்டர் அளவுக்குத் துல்லியமாகத் திட்டமிட முடிகிறது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள்

கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்குள் ஐந்து அடுக்குகள். மேலே 50 மைக்ரான் அளவுக்கு மேற்படலம். இது தேய்ந்தாலும் கீறினாலும் சில நாளில் வளர்ந்துவிடும். கருவிழிக்கு வலு கொடுப்பது பத்தில் ஒன்பது பங்காக இருக்கும் நடுப்படலம். லேசர் செதுக்குவது இதைத்தான்.

எவ்வளவு ஆழம் செதுக்க வேண்டும் என்பதற்குச் சார்லஸ் மன்னர்லின் தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையைப் பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஆழம் மைக்ரானில் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான் ஆகிறது. இன்றைய கருவிகள் ஓரத்தையும் இழைத்துச் சரிசெய்வதால் 15 மைக்ரான் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

மைனஸ் 4 பவர், 540 மைக்ரான் கருவிழி உள்ள ஒருவர் லேசிக் (மேலே மெல்லிய மடலை அறுத்துத் திறந்து, அடியில் செதுக்கும் முறை) செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே எடுக்கும் மடலுக்கு 110, செதுக்குவதற்கு 60, ஆக 170. மடலுக்கு அடியில் மிஞ்சுவது 370 மைக்ரான். தாராளமாகச் செய்யலாம். இன்னொருவருக்கு மைனஸ் 8. கருவிழி 500 மைக்ரான். மடல் 110, செதுக்கல் 120 போக மிஞ்சுவது 270. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள விதி. ஆகவே இவரும் தேர்ந்துவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். 300 மிஞ்ச வேண்டும் என்று வைத்திருக்கும் கவனமான மருத்துவர்கள் பலர் இவருக்கு லேசிக் வேண்டாம் என்பார்கள். மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கைவைத்தால் பின்னாளில் கருவிழி தளரும் ஆபத்து கூடும் என்ற கணக்கும் உண்டு. இவருக்கு அது 46 சதவீதம். நானாக இருந்தால் இந்தக் கவனமான மருத்துவர்கள் பேச்சைத்தான் கேட்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வட்டத்தின் விட்டத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஆழமும் குறையும். மெல்லிய கருவிழிக்காரர்களுக்கும் கணக்கு நேர்ப்பட்டதாகத் தோன்றும். ஆனால் இரவில் கண்பாவை விரியும்போது செதுக்காத ஓரத்தின் வழியாகவும் ஒளி நுழையும். எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கீற்றுகளும் தெரியும். அதனால் எத்தனை மில்லிமீட்டர் வட்டம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர்கள் பல, வழிகள் மூன்று

விளம்பரங்களில் வரும் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கருவிழிக்குள் போகும் வழி மூன்றுதான். உங்களுக்குச் சொல்லப்படும் முறை இவற்றில் எதைச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

முதலாவது பிஆர்கே. மேற்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு, நேராக நடுப்படலத்தின் மேல் எக்ஸைமர் லேசரைச் செலுத்துவது. மடல் இல்லாததால் மடலோடு போகும் நடுப்படலம் மிச்சமாகிறது. ஓரளவு மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கும், அடிபட வாய்ப்புள்ள விளையாட்டு வீரர்களுக்கும் இது பொருந்தும். மேற்படலம் வளரும்வரை மூன்று நான்கு நாள் நல்ல வலியும் எரிச்சலும் இருக்கும். கட்டுப்போடுவதற்குப் பதிலாக ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். பார்வை முழுதாகத் தெளியச் சில வாரங்கள் பிடிக்கும். இந்த வலிக்குப் பயந்துதான் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். மருத்துவர் உங்களுக்கு இதைத்தான் பரிந்துரைத்தார் என்றால், பழைய முறையைத் தலையில் கட்டுகிறார் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது லேசிக். கருவிழியின் மேற்பகுதியை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி மெல்லிய மடலாக அறுத்து, புத்தக அட்டையைப் போலத் திறந்து, அடியில் செதுக்கிவிட்டு மடலை மூடுவது. முன்பு மடலைப் பிளேடு பொருத்திய கருவியால் அறுத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசர். இத்தகைய மிகக் குறுகிய துடிப்புகளை உருவாக்கும் முறைக்காகத்தான் ஜெரார்ட் மூருவும் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் 2018இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். லேசிக்கில் மறுநாளே பார்வை தெளிந்துவிடும். இது பரவலானதற்குக் காரணமும் அதுவே.

மூன்றாவது ஸ்மைல். இதில் எக்ஸைமர் லேசரே கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்கு உள்ளேயே ஒரு சிறு வில்லையை வெட்டி வைக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். மடல் இல்லை, அறுபடும் நரம்புகள் குறைவு. ஆனால் ப்ளஸ் பவருக்குப் பெரும்பாலும் இதைப் பயன்படுத்துவதில்லை. பின்னாளில் சிறிது பவர் வந்தால் திருத்துவதும் லேசிக்கைவிடச் சிக்கல்.

மூன்றுக்கும் ஒத்துவராத மிக அதிக பவருக்கு, கண்ணுக்குள் சொந்த லென்ஸின் முன்னால் ஐசிஎல் என்னும் செயற்கை லென்ஸைப் பொருத்தும் வழி இருக்கிறது. அது வேறு வகை அறுவை சிகிச்சை. அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பரிசோதனை நாள்

சிகிச்சை நாளைவிட முக்கியமான நாள் இது. அரை நாள் ஒதுக்குங்கள். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். டூவீலரில் போகாதீர்கள், துணைக்கு ஒருவர் வரட்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரம், கெட்டியான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் அழுத்திக் கருவிழியின் வடிவம் மாறியிருக்கும். அது பழைய நிலைக்குத் திரும்பும் முன் அளந்தால் செதுக்கும் திட்டமே தப்பாகிவிடும். கண்ணாடி பிடிக்காத சில இளைஞர்கள் முந்தின நாள்வரை லென்ஸ் போட்டுவிட்டு, இரண்டு வாரம் ஆயிற்று என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பென்டகாம் போன்ற கருவி, நீங்கள் ஒரு நீல ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு வினாடிக்குள் கருவிழியின் முன்புறம், பின்புறம், தடிமன் மூன்றையும் அளந்து வண்ணப்படமாகத் தந்துவிடும். கூம்புக் கருவிழி நோயின் தொடக்கத்தைத்தான் அதில் தேடுகிறார்கள். இந்த நோயில் கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்கும். ஏற்கெனவே தளர்ந்துவரும் கருவிழியில் லேசிக் செய்தால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அது பிதுங்கிப் பார்வை கெட்டுவிடலாம். அப்படி நேர்ந்தால் ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கலாம், கெட்டியான லென்ஸ் போடலாம். பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தாலும், சிலிண்டர் பவர் அடிக்கடி மாறினாலும், கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொல்வார்கள். கண்ணீர் அதில் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்ப்பார்கள். 10க்கு மேல் இருந்தால் நல்லது. 5க்குக் கீழே என்றால் முதலில் கண் உலர்வுக்கு வைத்தியம், லேசரைப் பிறகு பார்க்கலாம். விழித்திரையில் ஓட்டை தென்பட்டால் அதைச் சுற்றி வேறொரு லேசரால் அடைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

18 வயது நிரம்பாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பொறுத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று 18 வயதுப் பெண்ணை அவசரமாக அழைத்துவரும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பவர் நிற்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பவரில் செதுக்கினால் இரண்டே ஆண்டில் மறுபடி கண்ணாடி வரும், கருவிழியும் குறைந்திருக்கும். வேலைக்காகச் செய்துகொள்கிறவர்கள் அந்த வேலையின் மருத்துவ விதிகளை முதலில் படியுங்கள். ரயில் இன்ஜின் ஓட்டுநர் பணிக்கு லேசிக் செய்தவர்களை ரயில்வே எடுப்பதில்லை. ராணுவப் பணிகளுக்கும் தனி நிபந்தனைகள் உண்டு.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு

மைனஸ் 2 உள்ள ஒருவருக்கு 45 வயதாகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்குச் செய்தித்தாள் தெளிவாகத் தெரியும், ஊசியில் நூல் கோக்க முடியும். லேசர் செய்து பவரைப் பூஜ்யமாக்கினால் தூரம் தெளிவாகும். கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேடுவார். வெள்ளெழுத்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. கருவிழியைச் செதுக்கினால் அது நிற்காது. தையல்காரர், கணக்காளர், நாளெல்லாம் போனில் படிப்பவர் ஆகியோர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் ஏற்பாடு சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குத் தலைவலி தரும். லேசருக்கு முன் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் வாழ்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேசையில் படுத்த பின்

சிகிச்சை நாளன்று சென்ட் போடக் கூடாது. சில நாள் முன்பிருந்தே கண்ணுக்கு மை கூடாது. மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும். இமைகளை ஒரு கம்பிக் கருவி பிடித்துக்கொள்ளும். லேசிக்கில் மடல் வெட்டும்போது கண்ணை ஒரு வளையம் உறிஞ்சிப் பிடிக்கும். அந்தச் சில வினாடிகள் அழுத்தமாக இருக்கும், பார்வை இருண்டு போகும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். பிறகு மினுங்கும் விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள். டக்டக் என்ற சத்தம் கேட்கும், முடி பொசுங்குவது மாதிரி ஒரு வாசனை வரும். எதுவும் எரியவில்லை; திசுத் துணுக்குகளின் வாசனை அது. கண் சற்று அசைந்தால் கருவி பின்தொடரும், அதிகம் விலகினால் நின்றுவிடும். இரண்டு கண்ணும் சேர்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்து போட்டுவிட்டுத் தூங்குங்கள். சில மணி நேரம் எரிச்சலும் நீர்வடிதலும் இருக்கும். முதல் சில நாள் கண்ணைக் கசக்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து, மடல் நகர்ந்துவிடலாம். மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியைத் தூங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதன் பக்கத்தில் படுக்க வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பது, நீச்சல், கண் மை எதுவும் கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சொன்ன நாளுக்கு மேல் தொடரவும் கூடாது, கண் அழுத்தம் ஏறும். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், தெளிந்த பார்வை மங்கினாலும், சீழ் வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கண் உலர்வும் இரவு ஒளிவட்டமும் சில மாதங்களுக்கு இருப்பது சகஜம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வில், முன்பு எந்தக் குறையும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம் போன்ற ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். 30 சதவீதம் வரை கண் உலர்வைச் சொன்னார்கள். அன்றாட வேலைக்கே பெரும் இடைஞ்சல் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதே தொழில் என்றால் இந்த முதல் எண்ணைக் கணக்கில் எடுங்கள்.

அந்தக் காகிதங்கள்

சிகிச்சைக்கு முன் எடுத்த கருவிழி வளைவு அளவு, பவர், தடிமன், செதுக்கிய ஆழம் ஆகிய நான்கும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்கி, படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள். செதுக்கிய கருவிழி அந்தக் கணக்கை ஏமாற்றும். பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கண் அழுத்தம் அளக்கும்போதும் இதே சங்கடம்தான்: மெலிந்த கருவிழியில் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கண் அழுத்த நோய் கண்ணில் படாமல் போகலாம். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும், பெயர் சொல்லும்போதே லேசர் செய்திருக்கிறேன் என்பதையும் எந்த ஆண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.